மாதிரி ராக்கெட்டுக்கு ஏவுகோபுரம்: எந்தப் பாகத்தை எதில் செய்வது?

ஜூலை மாதம், டெக்சஸ் வெயில். காலையில் வீட்டில் பொருத்திச் சரிபார்த்த ஏவுகோபுரத்தைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். எங்கள் முறை வருவதற்குள் மதியமாகிவிட்டது. கோபுரத்தை நிறுத்தி ராக்கெட்டை மேலிருந்து உள்ளே விட்டால் பாதி வழியில் நின்றுவிட்டது. காலையில் வழுக்கிக்கொண்டு இறங்கிய அதே ராக்கெட்தான். மகள் விரலால் தட்டிப் பார்த்தாள், அசையவில்லை. நடுத் தட்டைக் குனிந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் செய்த தட்டு அது. டிக்கிச் சூட்டில் இளகி, மேலே கிடந்த கூடாரப் பையின் பாரத்தில் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

பிஎல்ஏ ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். கோடையில் மூடிய கார் அந்தச் சூட்டுக்கு வெகு அருகில் போய்விடும். இது எனக்குத் தெரியாததல்ல. கோபுரம் என்றால் ராக்கெட்டுக்கு வழிகாட்டும் நீண்ட கைடுகள்தான், தட்டு சும்மா அவற்றைப் பிடித்துக்கொள்ளத்தானே என்று நினைத்தேன். அதுதான் தப்பு. அதற்கப்புறம் இரண்டு கோபுரங்கள் செய்தாகிவிட்டது. அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

கோபுரம் எதற்கு?

சாதாரணமாக மாதிரி ராக்கெட்டை ஒரு எஃகுக் கம்பியில் கோர்த்து ஏவுவார்கள். ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டிய சிறு குழாய் அந்தக் கம்பியில் வழுக்கி மேலேறும். அதை லக் என்பார்கள். சிறிய ராக்கெட்டுக்கு 3.2 மி.மீ. கம்பி, பெரிதானால் 4.8 அல்லது 6.4 மி.மீ. கம்பியை விட்டுப் போன பிறகும் லக் ராக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுத்தபடியே போகும். தவிர, மெல்லிய கம்பி ராக்கெட் கிளம்பும் நொடியில் சாட்டைபோல ஆடி அதைக் கோணலாகத் தள்ளிவிடும். உயரப் போட்டிக்கு விடுகிறவர்களுக்கு இரண்டுமே நஷ்டம்.

கோபுரத்தில் லக் கிடையாது. மூன்று நீண்ட கைடுகள் ராக்கெட்டின் உடலைச் சுற்றி நிற்கும், அவற்றுக்கு நடுவே ராக்கெட் மேலேறும். இது பழைய யோசனைதான். அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் காடர்டு தன் திரவ எரிபொருள் ராக்கெட்டுகளுக்குக் காற்றாலைக் கோபுரத்தை மாற்றியமைத்துப் பயன்படுத்தினார். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலுள்ள ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் ஏரோபீ ஆய்வு ராக்கெட்டுகளும் கைடுகள் கொண்ட உயரமான கோபுரத்துக்குள்ளிருந்துதான் கிளம்பின.

முதலில் காகிதமும் பென்சிலும்

கடைக்குப் போவதற்கு முன் இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும்: எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்.

ராக்கெட்டின் சிறகுகள் அதை நேராக வைத்திருக்க வேண்டுமென்றால் கோபுரத்தை விடும்போது நொடிக்கு சுமார் 13 மீட்டர் வேகமாவது இருக்க வேண்டும். காற்று அடித்தால், காற்றின் வேகத்தைப் போல நாலைந்து மடங்கு இருப்பது நல்லது. என் மகளின் ராக்கெட்டை வைத்தே கணக்குப் போடுகிறேன். மோட்டாரோடு, அதாவது மருந்து அடைத்த உந்துகுழலோடு, எடை 50 கிராம், மோட்டாரின் சராசரி உந்துவிசை 6 நியூட்டன். விசையை எடையால் வகுத்து, புவியீர்ப்பைக் கழித்தால் முடுக்கம் 110 வரும். 2, முடுக்கம், நீளம் மூன்றையும் பெருக்கி வருவதற்கு வர்க்கமூலம் எடுத்தால் வேகம். ஒரு மீட்டர் கோபுரத்துக்கு 14.8 வருகிறது. போதுமே என்று தோன்றும்.

போதாது. ராக்கெட்டின் ஈர்ப்பு மையம் கோபுர நுனியைத் தாண்டிய பிறகு பிடிப்பு பெயருக்குத்தான். ஏவும் முன் அடியில் நிற்கும்போதே அந்த மையம் வாலிலிருந்து 25 செ.மீ. மேலே இருக்கிறது. ஆக உருப்படியாகக் கிடைக்கும் ஓட்டம் 75 செ.மீ., வேகம் 12.8. கோபுரத்தை 1.2 மீட்டராக்கினால் 14.5. அதனால்தான் 1.2. ராக்கெட் உள்ளே இருக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் ஏழில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் கைடுகள் நேராக இருந்தால் போதும், வேறெந்தப் பாரமும் அவற்றுக்கு இல்லை. கோபுரத்துக்குப் பலம் முக்கியமில்லை, விறைப்புத்தான் முக்கியம். இது மனதில் பதிந்தால் கடையில் பாதிப் பொருளைத் தொடவே மாட்டீர்கள்.

அகலத்துக்கு வெர்னியர் காலிப்பர் எடுத்து உடல்குழாயை அளந்துகொள்ளுங்கள். 18 மி.மீ. மோட்டார் போகும் எஸ்டெஸ் நிறுவனத்தின் பிடி-20 குழாயின் வெளிவிட்டம் 18.7 மி.மீ., 24 மி.மீ. மோட்டாருக்கான பிடி-50 என்றால் 24.8. பெயின்ட் அடித்த பிறகு அளக்க வேண்டும், பெயின்டும் தடிமன்தானே. அதோடு அரை முதல் ஒரு மி.மீ. இடைவெளி சேர்த்துக்கொள்ளுங்கள். நான் 0.6 விட்டேன், ஆக 19.3. காகிதக் குழாய் ஈரக் காற்றில் கொஞ்சம் ஊதும், ஆகவே இதைவிட இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

மூன்று சிறகு ராக்கெட்டுக்கு மூன்று கைடு, நான்கு சிறகுக்கு நான்கு. நான்கு சிறகு ராக்கெட்டை மூன்று கைடுக்குள் விட வழி தேடி ஒரு மாலைப் பொழுதை வீணாக்கியிருக்கிறேன்.

கைடுகள்: பணத்தை இங்கே போடுங்கள்

எல்லோர் கையும் முதலில் போவது 6 மி.மீ. எஃகுக் கம்பிக்கு. கடைக்குக் கடை கிடைக்கும், விலையும் மலிவு, இரும்பு என்றால் உறுதி என்று ஒரு நம்பிக்கை. எஃகின் விறைப்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு என்பதும் உண்மைதான். ஆனால் வளைவைத் தீர்மானிப்பதில் உலோகத்தைவிட வடிவத்துக்குப் பங்கு அதிகம். 12 மி.மீ. வெளிவிட்டமும் 1 மி.மீ. சுவரும் உள்ள அலுமினியக் குழாயை இந்த 6 மி.மீ. கம்பியோடு ஒப்பிட்டால், குழாய் ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பு. எடையோ மீட்டருக்கு 93 கிராம், கம்பி 222 கிராம். பாதிக்கும் குறைந்த எடையில் மூன்று மடங்கு விறைப்பு என்றால் வேறென்ன வேண்டும்? என் தேர்வு இதுதான். ராக்கெட்டைத் தொடும் இடமும் வளைவாக இருப்பதால் ஒற்றைக் கோட்டில்தான் உரசும்.

குழாய் வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயின் நுனியிலிருந்து நீளவாக்கில் பார்த்து, மெதுவாக உருட்டினால் வளைவு பளிச்சென்று தெரியும். சமதளமான தரையில் உருட்டிவிட்டும் பார்க்கலாம். தடதடவென்று தாண்டித் தாண்டி ஓடினால் வேண்டாம். நான் பதினோரு குழாயைப் பார்த்து மூன்றை எடுத்தேன். கடைக்காரர் முறைத்தார், பரவாயில்லை.

அலுமினிய ஆங்கிளும் நல்லதே. 12 மி.மீ. ஆங்கிளின் முதுகு விளிம்பை ராக்கெட் பக்கம் திருப்பி வைத்தால் உரசல் குறைவு. முறுக்கினால் எளிதாகத் திரும்பிவிடும் என்பது அதன் பலவீனம், தட்டுகளை நெருக்கமாக வைத்தால் சமாளிக்கலாம். போல்ட் போட ஆங்கிள் வசதி, குழாயில் அந்த வசதி இல்லை.

20 மி.மீ. சதுர அலுமினிய புரொஃபைலைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். நாலு பக்கமும் பள்ளம் உள்ளது, முப்பரிமாண அச்சு இயந்திரங்களின் சட்டம் செய்வார்களே, அது. விறைப்புக்குக் குறையே கிடையாது. மீட்டருக்குச் சுமார் அரைக் கிலோ. பெரிய ராக்கெட் விடுகிறவர்கள் ஒற்றை புரொஃபைலையே ரெயிலாக வைத்து விடுவது இதனால்தான். சிறிய ராக்கெட்டைச் சுற்றி மூன்றை நிறுத்துவது எலி பிடிக்க யானையைக் கட்டிய கதை.

கார்பன் ஃபைபர் குழாய் இலேசு, விறைப்பு, விலை அதிகம். வாங்குவதானால் இரண்டு விஷயம் கவனியுங்கள். அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது, முகக்கவசம் போட்டு ஈரம் வைத்து அறுங்கள். அது மின்சாரம் கடத்தும் என்பதும் பலருக்குத் தெரியாது. மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரின் முதலை கிளிப் கைடில் பட்டால் ஷார்ட் ஆகி, பொத்தானை அழுத்தினாலும் ராக்கெட் கிளம்பாது. உலோகக் கைடுகளுக்கும் இதே கதைதான்.

மர உருளையை மாதிரி செய்து பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலம் போதும், முறுக்கிக்கொள்ளும். பிவிசி குழாய் கைடுக்கு ஆகவே ஆகாது. அதன் விறைப்பு எஃகில் அறுபதில் ஒரு பங்குதான், வெயிலில் இன்னும் தளரும், தீயில் கருகினால் வரும் புகை ஹைட்ரஜன் குளோரைடு. கண்ணாடி இழைக் கம்பி வளைந்துகொடுப்பதற்கென்றே செய்தது, கூடார வளையத்துக்குப் போகட்டும்.

தட்டுகள்: என் தப்பு நடந்த இடம்

கைடுகளைச் சரியான இடத்தில் நிறுத்தி வைப்பவை இந்தத் தட்டுகள். 1.2 மீட்டர் கோபுரத்துக்கு 40 செ.மீ. இடைவெளியில் நான்கு வைத்தேன். ஒரு கைடைத் தாங்கும் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம் பாதியானால் அது வளைவது எட்டில் ஒன்றாகிவிடும். தடித்த குழாய் தேடுவதைவிட ஒரு தட்டு கூட வைப்பது மலிவு.

மேல் மூன்று தட்டுக்கும் 9 மி.மீ. பிர்ச் பிளைவுட். அடுக்குகள் நெருக்கமாக உள்ள நல்ல பிளைவுட் வெயிலுக்கு அசையாது. வார்னிஷ் இரண்டு கை பூசிவிடுங்கள், வெட்டு விளிம்புகளிலும்தான், ஈரம் அங்கேதான் இறங்கும். முப்பரிமாண அச்சில்தான் செய்வேன் என்றால் 80 டிகிரி வரை தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக், அல்லது 100 தாண்டும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். பிஎல்ஏ-வைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அடித் தட்டு மட்டும் 3 மி.மீ. அலுமினியத் தகடு. அங்கே தீ வரும்.

துளை போடும் முறையை நிதானமாகச் சொல்கிறேன், கோபுரத்தின் உயிரே அதில்தான். நான்கு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் இரண்டு போல்ட் போட்டு இறுக்கி, ஒரே கட்டையாக்கிக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு கோடு கிழித்தால் பிறகு எந்தத் தட்டு எந்தப் பக்கம் என்று குழம்பாது. கைடுகளின் மையம் வர வேண்டிய வட்டத்தின் ஆரம்: 19.3-இல் பாதி 9.65, அதோடு குழாயின் ஆரம் 6, மொத்தம் 15.65 மி.மீ. அந்த வட்டத்தில் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று புள்ளி வைத்து, நிறுத்து டிரில்லில் 12 மி.மீ. துளை போடுங்கள். கையில் பிடிக்கும் டிரில் வேண்டாம், கட்டையின் அடியில் வருவதற்குள் சாய்ந்துவிடும்.

இதற்கப்புறம்தான் நடுத்துளை. வட்டமாக அறுக்கும் 24 மி.மீ. ஹோல்சா போட்டால் அது மூன்று துளைகளின் உள்விளிம்பையும் கொஞ்சம் தின்னும். அதுதான் நமக்கு வேண்டியது. குழாயைச் செருகும்போது அதன் முகம் இரண்டு மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே எட்டிப் பார்க்கும், மற்றபடி மரம் அதைப் பாதிக்கு மேல் கவ்விக்கொண்டிருக்கும். வரிசையை மாற்றி நடுத்துளையை முதலில் போட்டால் சிறிய துளை போடும்போது டிரில் பிட் உள்ளே வழுக்கும். அப்படி ஒரு கட்டை பாழானது.

அடுக்கைப் பிரித்து, மேல் மூன்று தட்டுகளில் மட்டும் சிறகு போக வழி வெட்டுங்கள்: இரண்டு கைடுகளுக்குச் சரி நடுவே, 6 மி.மீ. அகலத்தில், சிறகின் நீட்சியைவிட ஒரு விரல் கூடுதல் நீளம். அடித் தட்டில் வெட்டு வேண்டாம். சிறகுகளின் பின்விளிம்பு அதன்மேல் உட்காரும், மோட்டாரின் வாய் நடுத்துளைக்கு நேராக நிற்கும். ராக்கெட் நிற்கத் தனியாக ஒரு தாங்கி தேட வேண்டியதில்லை.

தீ படும் இடம்

அடித் தட்டுக்கு 10 செ.மீ. கீழே, தீயைப் பக்கவாட்டில் திருப்பிவிடச் சாய்வாக ஒரு தகடு கட்டாயம் வேண்டும். அமெரிக்காவின் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரியின் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது, தீ தரையில் படக் கூடாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மெல்லிய தகடு நாலைந்து ஏவலில் குழி விழும். 2 மி.மீ. எஃகுத் தகடு போதும். பீங்கான் ஓடு வைத்துப் பார்த்தேன், மூன்றாவது தடவை இரண்டாகப் பிளந்தது. இப்போது வைத்திருப்பது கைப்பிடி உடைந்த ஒரு பழைய இரும்புத் தோசைக்கல். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

கால்களும் அடித்தளமும்

இங்கே மிச்சம் பிடிக்கலாம். மூன்று கால், 25 மி.மீ. இரும்புச் சதுரக் குழாயிலோ மரச் சட்டத்திலோ. கால் நுனிகள் நடுவிலிருந்து கோபுர உயரத்தில் பாதித் தூரமாவது விரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் ஒரு மணல் பை அல்லது தண்ணீர் கேன். தீ எட்டாத இடத்தில் பிவிசி கூடப் போடலாம். கோபுர உச்சியிலிருந்து மூன்று பக்கம் நைலான் கயிறு கட்டிக் கூடார முளையில் இழுத்துவிட்டால் காற்றில் ஆட்டம் நின்றுவிடும். ஒரு காலில் மட்டும் நீளமான திருகு வைத்தால் சாய்வைச் சரிசெய்யலாம். நேர்க்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்க்கக் கூடாது என்பது விதி. ஐந்து டிகிரிக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

சேர்ப்பது

குழாய்களைத் தட்டுகளில் செருகி, உடனே ஒட்டிவிடாதீர்கள். உங்கள் ராக்கெட்டின் உடல்குழாயிலேயே அரை மீட்டர் துண்டு ஒன்றை நடுவில் விட்டு, மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். எங்கே இறுகுகிறதோ அங்கே துளையை உருட்டு அரத்தால் ஒரு இழை தேய்த்தால் சரியாகும். துண்டு உள்ளே இருக்கும்போதே எப்பாக்சி வையுங்கள், காய்ந்த பிறகு உருவிவிடலாம். சாதாரண எப்பாக்சியும் 60 டிகிரி வாக்கில் தளரும், அதனால் பசையை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு தட்டின் மேலும் கீழும் குழாயின் வெளிப்பக்கமாக ஒரு சிறிய கிளாம்ப் இறுக்குங்கள். குளூகன் பசை இந்த வேலைக்கு வேண்டாம். கழற்றி மாட்ட வேண்டிய கால்களுக்கு எம்5 போல்ட்டும் இறக்கை நட்டும், மற்ற இடத்தில் லாக் நட்டு. குழாய்களின் மேல் நுனியை அரத்தால் மழுக்கி, பிளாஸ்டிக் மூடி போடுங்கள். குனியும்போது கண்ணில் குத்தும் உயரம் அது.

ஏவுவதற்கு முன்

வழக்கமான ராக்கெட்டை மேலிருந்து விட்டால் தன் எடையிலேயே அடிவரை இறங்க வேண்டும். பிறகு கோபுரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் தடையில்லாமல் வழுக்கி வெளியே வர வேண்டும். கீழே யாராவது கையேந்தி நிற்கட்டும். அப்புறம் கோபுரத்தின் உச்சியைக் கையால் ஆட்டியபடியே இன்னொரு தடவை. மைதானத்துக்குப் போய், வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு மறுபடியும் ஒரு தடவை. அந்த ஜூலைக்குப் பிறகு இந்தக் கடைசிச் சோதனையை நான் விட்டதே இல்லை.

இக்னைட்டர் கம்பியை அடித் தட்டுக்குக் கீழே காலோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டுங்கள். கிளிப் கைடில் படாமலிருக்கவும், கிளம்பும்போது சிறகில் மாட்டி இழுக்காமலிருக்கவும் அதுதான் வழி. கோபுரத்தைச் சுற்றிக் காய்ந்த புல் இருக்கக் கூடாது. மோட்டாரின் ஆற்றலை ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள்; டி வரை உள்ள மோட்டாருக்கு 15 அடி, அதற்கு மேல் 30 அடி தள்ளி நிற்க வேண்டும். காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். முதல் ஏவலுக்குப் பிரியமான ராக்கெட்டை வைக்காதீர்கள், போனாலும் போகட்டும் என்று இருப்பதை வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோபுரம் செய்ய யாரும் தடை சொல்லப் போவதில்லை, அலுமினியக் குழாயும் ஆங்கிளும் ஊரில் எடைக்கே கிடைக்கும். ஆனால் மோட்டார் வெடிபொருள் சட்டத்துக்குள் வருகிறது, 1884-ஆம் ஆண்டுச் சட்டமும் 2008 விதிகளும் அதற்கு உண்டு. முறையான அனுமதி உள்ள கல்லூரிக் குழுவோடு சேர்ந்து செய்யுங்கள், மருந்தை நீங்களே அடைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். தண்ணீர் ராக்கெட் விடுகிற பிள்ளைகளுக்கும் இதே கோபுரம் பயன்படும். பாட்டிலின் விட்டத்தை அளந்து கணக்கை மாற்றிக்கொண்டால் சரி. தீ இல்லாததால் அடித் தட்டும் பிளைவுட்டாகவே இருக்கலாம், தோசைக்கல்லும் தப்பிக்கும்.

வீடு திரும்பிய பிறகு

கருமருந்து மோட்டாரின் கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து எஃகையும் அலுமினியத்தையும் அரிக்கும். அன்றிரவே சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மூன்று கைடுகளையும் அடியிலிருந்து அரை மீட்டர் வரை துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, மெழுகு லேசாகத் தடவி வைக்கிறேன். தோசைக்கல்லுக்கு ஒரு சொட்டு எண்ணெய். கோபுரத்தைப் படுக்கவைக்காமல் கராஜ் சுவரில் நிறுத்திவைக்கிறேன், அதன்மேல் யாரும் கூடாரப் பையைப் போட முடியாதபடி.